தம்பி கூப்பிடவில்லை

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் குட்டி வாலுவுக்கு மட்டும் ஒரு வாரம் இருமல், இப்போது தேவலை. உன் நெஞ்சுச்சளி போயிற்றா, இல்லை அறையில் மூன்று பேரும் முறை வைத்து இருமிக்கொண்டிருக்கிறீர்களா?

உன் கம்பெனிப் பெட்டியை எங்கள் ஆண்கள் வார்டில் மாட்டி இன்றோடு பத்து நாள். இருபது கட்டில், கட்டிலுக்கு ஒரு பொத்தான், நர்ஸ் மேஜைமேல் பெட்டி. மேட்ரனிடம் சொல்லி அதை வாங்க வைத்தவள் நான் என்பதால் அதற்கு ‘தம்பி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. மணி அடித்தால், “தம்பி கூப்பிடுறான், யாராவது போங்கடி” என்கிறார்கள். முந்தாநாள் ஒரு மணி நேரம் அது சும்மா இருந்தது. “என்ன, தம்பிக்கு வாய் வலிக்குதா?” என்று என்னைக் கேட்கிறாள் ஒருத்தி.

டாக்டருக்கு ஒன்று வேண்டுமாம். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களின் விரலில் ஒரு கிளிப் மாட்டுகிறோம். மூச்சு குறைந்தால் அந்தக் கிளிப்பே பெட்டிக்குச் சொல்லி, பெரிய மணி அடிக்க வேண்டும். முடியுமா?

இன்னொன்று. கட்டிலிலிருந்து பெட்டிக்கு வருவது ஒரே கம்பி. எது பொத்தான் அழுத்தியது, எது சொட்டு மருந்து தீர்ந்தது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. புரியாவிட்டால் உன் அத்தானிடம் கேட்பேன். அவர் விளக்க ஆரம்பித்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். வாலுவுக்கு இருமல் நின்றதா என்று எழுதவும். அத்தானை நான் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு கொடுக்கிற ஜன்னல் மாதிரிதான் அது. கட்டிலிலிருந்து ஒரு எண் வரும். எண்ணைப் பார்த்து, எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று பிரித்துவிடுகிற இடத்துக்கு ஸ்விட்ச் என்று பெயர். சுவரில் இருப்பது இல்லை, பெட்டிக்குள் ஓடுகிற நிரலில் நான் எழுதுவது. ஒன்று வந்தால் நோயாளி கூப்பிடுகிறார்: மஞ்சள் விளக்கு, சின்ன மணி. இரண்டு வந்தால் சொட்டு மருந்து தீர்ந்தது: பச்சை விளக்கு. மூன்று வந்தால் நீங்கள் போய் ‘பார்த்தாச்சு’ பொத்தானை அழுத்திவிட்டீர்கள்: மணியை நிறுத்து, விளக்கை அணை. எதிலும் சேராத எண் வந்தால் டீஃபால்ட்: சும்மா இரு, காகிதத்தில் மட்டும் அச்சடித்து வை.

இந்த ஒவ்வொன்றுக்கும் கேஸ் என்று பெயர். ஒவ்வொரு கேஸின் முடிவிலும் பிரேக் என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். எழுதாவிட்டால், அந்த வேலையை முடித்த கையோடு கீழே இருக்கிற அடுத்த கேஸின் வேலையையும் செய்துவிடும். எண் பொருந்துகிறதா என்று பார்க்காது. ஒரு வார்த்தைதான். ஆனால் அதுதான் எல்லாம்.

டாக்டர் கேட்டதைச் செய்துவிட்டேன். மூச்சு குறைந்தால் சிவப்பு விளக்கு, பெரிய மணி. புது கேஸை ‘பார்த்தாச்சு’வுக்கு மேலே செருகியிருக்கிறேன். ஃபிளாப்பி தனியாக வரும். முதலாளி அவசரப்படுத்துகிறார். இன்னும் பதினோரு ஆஸ்பத்திரிகளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். அமைந்தால் எனக்கும் ஒரு நல்ல நாற்காலி கிடைக்கும்.

அன்புத் தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

வாலு சுகம், இருமல் போய் வாய் திரும்பிவிட்டது. உன் கடிதத்தை டீ நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கேஸ் என்றால் எங்களுக்குக் கட்டிலில் படுத்திருப்பவர். பிரேக் என்றால் டீ. ஒவ்வொரு கேஸுக்குப் பிறகும் ஒரு டீ என்றால் நாங்களும் கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிறோம் என்று சொல்லச் சொன்னார்கள். அத்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அல்லவா, அவருக்கு வேறு கவலை. “மச்சான் எழுத்துல பிரேக் போடுறான், நான் கால்ல போடுறேன். ரெண்டு பேருமே மறந்தா உள்ளே போகவேண்டியதுதான்” என்றார்.

ஃபிளாப்பி வந்து, கம்ப்யூட்டர் அறை அம்மா ஏற்றிவிட்டார். கிளிப்பை ஒருமுறை கழற்றிப் பார்த்தார்கள். ‘மணி ஒலித்தது’ என்று காகிதத்தில் விழுந்தது. வார்டில் அப்போது சுவருக்கு வெள்ளை அடிக்கிற சத்தமும் ஏணி இழுக்கிற சத்தமும். டாக்டர் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

நாற்காலி வந்தால் எழுது. அதில் உட்கார்ந்து தூங்காதே.

உன் அக்கா


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன்.

ஒன்பதாம் கட்டிலில் ஒரு தச்சர். முப்பத்து நான்கு வயது. குடல் ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவிலேயே அவருக்குப் பட்டறை. செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு அவர் மனைவி ரொட்டி வாங்கப் போயிருந்தாள். ஒருத்தி லீவு என்பதால் எனக்கு இரட்டை ஷிஃப்ட். இரண்டாம் கட்டிலில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன், திரை இழுத்து. பல்லி சொடுக்குகிற மாதிரி ஒரு ‘டிக்’ கேட்டது. அவ்வளவுதான். கட்டு முடித்து வந்து பார்த்தபோது மூன்று இருபத்தைந்து. ஒன்பதாம் கட்டில்காரர் மூச்சு நின்று போய்விட்டிருந்தார்.

பெட்டியின் காகிதத்தில் இப்படி இருக்கிறது: 3.10 மணி ஒலித்தது. 3.10 மணி நிறுத்தப்பட்டது. நான்தான் பொத்தானை அழுத்தி மணியை நிறுத்திவிட்டு, திரைக்குப் பின்னால் கண்ணயர்ந்துவிட்டேன் என்கிறார்கள். கட்டு மாற்றப்பட்டவர் மயக்க மருந்தில் இருந்தார், சாட்சிக்கு ஆக மாட்டார். மேட்ரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார், “உண்மையைச் சொல்லு. தம்பி கூப்பிட்டானா, இல்லையா?” கூப்பிடவில்லை என்றேன். அவர் காகிதத்தைத் தட்டிக் காட்டினார்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரணை வரும். இருபது வருஷத்தில் நான் ஒருநாள் கண் மூடியதில்லை, உனக்கே தெரியும். ஒரு ‘டிக்’ கேட்டது தம்பி. பெட்டிக்குள்ளே பார்த்து எழுது. என் பேர் அந்தக் காகிதத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

உன் அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

போன மாதக் கடிதம் கிடைத்ததா? உடம்புக்கு ஏதாவதா? அத்தான் உன் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டார். நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு தடவையும் வெளியே.

நான் வீட்டில்தான் இருக்கிறேன். அலமாரியை மூன்று தடவை அடுக்கிவிட்டேன். வாலு பள்ளிக்கூடத்தில் யாரோ அவளை ‘தூங்குமூஞ்சி மகள்’ என்றார்களாம். அவள் அந்தப் பெண்ணின் பென்சிலை உடைத்துவிட்டு வந்தாள். திட்டினேன். அப்புறம் புதுப் பென்சில் வாங்கிக் கொடுத்தேன், இருவருக்கும்.

இரண்டு வரி எழுதினாலும் போதும்.

உன் அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. ஒரு பக்கம் முகமே வீங்கிவிட்டது. பிடுங்க வேண்டும் என்கிறார்கள். அறையிலும் தண்ணீர்க் குழாய் உடைந்து பெரிய அமர்க்களம். பாய், புத்தகம் எல்லாம் நனைந்துவிட்டது. இங்கே வெயில் அதிகம். அங்கே எப்படி?

பெட்டியைப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சில சமயம் மணிக்குப் போகிற வயர் தளர்ந்திருக்கலாம். மேட்ரனை வயரைப் பார்க்கச் சொல்லவும். எதற்கும் புது ஃபிளாப்பி ஒன்று எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பியிருக்கிறோம். சின்னச் சின்ன மாற்றங்கள்தான்.

விசாரணை எல்லாம் ஒரு சம்பிரதாயம் அக்கா. உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். தைரியமாக இரு.

அத்தானுக்கும் வாலுவுக்கும் என் அன்பு.

தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

பல் எப்படி இருக்கிறது? பிடுங்கிவிட்டாயா? உப்புத் தண்ணீரில் கொப்பளி. வலி ஒரு பக்கம் என்றால் மறுபக்கம் மென்று சாப்பிடு, பட்டினி கிடக்காதே.

நேற்று கம்ப்யூட்டர் அறை அம்மா கடைத்தெருவில் பார்த்து நின்றார். என்னோடு பேசுகிற சிலரில் அவர் ஒருவர். உங்கள் ஃபிளாப்பி ஏப்ரல் ஆறாம் தேதியே வந்துவிட்டதாம். பழையதை உடனே அழித்துவிட வேண்டும், நகல் வைக்கக்கூடாது என்று கூடவே ஒரு கடிதமாம், கையெழுத்து உன்னுடையது. அவரும் அப்படியே செய்துவிட்டார். ஏற்றிவிட்டு கிளிப்பைக் கழற்றினால், மணி கேட் வரைக்கும் கேட்டதாம். வாட்ச்மேன் ஓடி வந்தாராம். “தம்பிக்கு இப்பத்தான் தொண்டை திறந்திருக்கு” என்றார் அந்த அம்மா. வயரை யாரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். எவ்வளவு நன்றாக விளக்கியிருக்கிறாய். எனக்கே புரிந்துவிட்டது.

விசாரணை இருபத்து நான்காம் தேதி, பகல் பதினோரு மணி. அதற்குள் எனக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுது. தோன்றாவிட்டால் பல்லைப் பற்றியாவது எழுது.

உன் அக்கா


ஜூன் 19

அக்கா,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. எனக்குப் பல்வலியும் இல்லை.

பிரேக் போடவில்லை. புது கேஸின் கடைசியில் அந்த ஒரு வார்த்தையை எழுத மறந்துவிட்டேன். மூச்சு குறைந்த எண் வந்தால் மணியை அடி என்று எழுதினேன். அது அடித்தது. நிற்காமல் கீழே இருந்த ‘பார்த்தாச்சு’வுக்குள் இறங்கி, அடித்த மணியை அதுவே நிறுத்தியது, விளக்கை அணைத்தது, நிறுத்தப்பட்டது என்று காகிதத்திலும் அடித்துவைத்தது. கண் இமைக்கிற நேரத்துக்குள். நீ கேட்ட ‘டிக்’ அதுதான். யாரும் பொத்தானை அழுத்தவில்லை. நீ எங்கேயும் தவறவில்லை.

ஆபீசில் சோதிக்கும்போது மணியை மாட்டவில்லை, சத்தத்துக்கு மற்றவர்கள் திட்டுவார்கள் என்று. ‘ஒலித்தது’ என்ற வரியைப் பார்த்தேன். அடுத்த வரியைப் பார்க்கவில்லை.

உன் கடிதம் ஏப்ரல் முதல் தேதி வந்தது. ‘டிக்’ என்று படித்ததுமே தெரிந்துவிட்டது. திறந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளில் இந்தப் பெட்டி இருக்கிறது, அங்கேயும் யாராவது போய்விடக்கூடாது என்று அன்றைக்கே திருத்தி அனுப்பினேன். அதுவரை சரி. பழையதை அழிக்கச் சொன்னது அதற்காக இல்லை. பயம். என்னிடம் இருந்ததையும் அழித்தேன், அச்சடித்த தாள்களையும் கிழித்தேன். அப்புறம் உனக்கு வயர் என்று எழுதினேன். அத்தான் போன் பண்ணியபோது நான் போனுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை விசாரணையில் காட்டு. எது வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பேரை அந்தக் காகிதத்திலிருந்து எடுத்துவிடு அக்கா.

தம்பி


ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிட்டாயா?

உன் கடிதம் இன்றைக்குக் காலையில் வந்தது. நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மணி அடித்தது, நான் நிறுத்தினேன், இரட்டை ஷிஃப்ட் களைப்பில் கண்ணயர்ந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

இருபத்து நான்காம் தேதி காலைவரை தபால்காரரைப் பார்த்தேன். பத்தரைக்கு அத்தான் வேனை எடுத்தார். பெட்டி பொய் சொல்கிறது என்று நான் சொன்னால், யார் எழுதினது என்று கேட்பார்கள். உன் தம்பிதானே, நீதானே கொண்டுவந்தாய் என்பார்கள். உனக்கு இருபத்தாறு வயது. உன்னை இழுத்துவிட்டு நான் வார்டில் போய் நின்று என்ன செய்வது? போகிற வழியில்தான் முடிவு செய்தேன். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. இறங்கும்போது, “நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும், தைரியமா சொல்லு” என்றார். நான் உள்ளே போய் எதிர்மாறாகச் சொன்னேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நர்ஸ் பதிவேட்டிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார்கள். வழக்கு இல்லை. தச்சரின் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள்தான் பட்டறையை நடத்துகிறாள், விரல்களில் மரத்தூள். அடிப்பாள் என்று நினைத்தேன். கிட்ட வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “விடுங்க சிஸ்டர். எனக்கும் மத்தியானத்துல கண்ணு சொக்கும்” என்றாள். மன்னித்துவிட்டாள், தம்பி. செய்யாத ஒன்றுக்கு. நானும் வாங்கிக்கொண்டேன். அந்த ஒன்றுதான் உறுத்துகிறது.

நீ யாரிடமும் எதுவும் சொல்லாதே. முடிந்துவிட்டது.

உன் அக்கா


ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தான் பேசுகிறாரா?

முடியவில்லை அக்கா. நீ சொன்னபடி இரண்டு வாரம் இருந்து பார்த்தேன். அப்புறம் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஆதாரம் எங்கே என்றார். ஒரு பிரதிகூட இல்லை. என் கையாலேயே அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன். “பதினோரு ஆஸ்பத்திரி கையெழுத்தாகிற நேரத்துல உனக்கு என்னப்பா ஆச்சு?” என்றார். வேலையை விட்டுவிட்டேன்.

உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆறு பக்கம் எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. மரியாதையான பதில். சம்பந்தப்பட்ட நர்ஸே தன் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், அக்காமேல் தம்பிக்கு உள்ள பாசம் புரிகிறது, ஆனால் இத்தகைய கதைகளின் அடிப்படையில் கோப்பைத் திறக்க இயலாது என்று. உன் பொய் நிஜமாகிவிட்டது. நான் சொல்கிற நிஜத்தைப் பாசம் என்கிறார்கள்.

தச்சரின் மனைவிக்கும் எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பின் தெரு, தச்சுப்பட்டறை என்று விலாசம் போட்டேன். தேதிகளோடு எல்லாவற்றையும் எழுதினேன். ஒருவராவது என்னை நம்ப வேண்டும்.

நான் அங்கே வரட்டுமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

தம்பி


அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் தூணோடு பேசினார், இப்போது என்னோடு பேசுகிறார். வாலு சுகம். எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஊரெல்லாம் நான் தூங்கினவள், எனக்கோ பகலிலும் வருவதில்லை, ராத்திரியிலும் வருவதில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒருவராவது நம்ப வேண்டும் என்று எழுதியிருந்தாய். அவள் நம்பிவிட்டாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள், கையில் உன் கடிதத்தோடு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. உன் பிரேக்கை அவள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாள். மரத்தில் ஒரு கோடு தப்பினால் மேஜை முழுக்கக் கோணும், அது எங்கள் வேலையிலும் நடக்கிறதுதான் என்றாள். அதில் அவளுக்குக் கோபமே இல்லை. கடிதத்தில் உன் தேதிகளுக்கு அடியில் தச்சுப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

“தூங்கிட்டேன்னு சொன்னீங்க, மன்னிச்சேன். தூக்கம் யாரைக் கேட்டுட்டு வருது? ஆனா இவருக்கு ஏப்ரல் ஒண்ணாந்தேதியே தெரியும். அதுலேர்ந்து ஜூன் வரைக்கும் இவரு முழிச்சிட்டுத்தானே இருந்தாரு?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“நான் உங்க கையைப் பிடிச்சப்ப உங்களுக்கும் தெரியும், இல்ல சிஸ்டர்?”

தெரியும் என்றேன். அவள் தலையசைத்தாள். தனக்குப் புருஷன் ஒரு தடவைதான் செத்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பட்டறைக்கு நான் இரண்டு தடவை போனேன். அவள் பலகை அறுத்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து கூப்பிட்டேன். ரம்பத்தை நிறுத்தவில்லை. இரண்டாம் தடவை ஒரு மணி நேரம் நின்றேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து, யார் வேண்டும் என்று என்னைக் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நீ வா. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வண்டியிலிருந்து இறங்கி நேரே என்னைப் பார்க்க வராதே. முதலில் அங்கே போய் நில். அவள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள், அதற்காகத் திரும்பிவிடாதே. எந்த நாள் என்று மட்டும் எழுது. நானும் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன்.

உன் அக்கா